வேர்வைக் கை

தேநீர் இடைவேளையில் பதினாறு பெண்கள் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரின் வலது கைக்குள்ளும் ஒரு பட்டன் பேட்டரி இருந்தது. மணி அடிக்கும்வரை விரலைப் பிரிக்கக் கூடாது என்பது சூப்பர்வைசரின் உத்தரவு. தேநீரை இடது கையால் குடித்தார்கள்.

வரிசை முடியும் இடத்தில் ஒரு மேசை போட்டு, மீட்டரோடு என்னை உட்கார வைத்திருந்தார்.

"என்ன சயின்ஸு, கைரேகையும் பாத்துச் சொல்லுவியா?" என்று கேட்டார் மூன்றாம் இருக்கையில் இருக்கும் கண்ணாடி அக்கா. "இந்த வருஷமாவது எங்க வீட்டுக்காரர் கொறட்டையை நிறுத்துவாரான்னு பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் கம்பெனி ஒரே ஒரு பொருளைத்தான் செய்கிறது. படுக்கையில் கிடப்பவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அழைப்பு மணி. தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, நடுவில் சிவப்புப் பொத்தான். அமுக்கினால் அடுத்த அறைக்குக் கேட்கும்படி கத்தும். வாயால் கூப்பிட முடியாதவர்களுக்கு அதுதான் வாய்.

உள்ளே மூன்று பட்டன் பேட்டரிகள். ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட். ஒன்றின் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையைத் தொடும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நாலரை வோல்ட் கிடைக்கும். கட்டைவிரல் பருமனுள்ள பிளாஸ்டிக் குழாயில் மூன்றையும் போட்டு, ஸ்பிரிங் வைத்த மூடியைத் திருகி, குழாயைப் பெட்டிக்குள் செருக வேண்டும். பதினாறு இருக்கைகளிலும் இதுதான் வேலை.

நான் பரிசோதகர். இயற்பியல் பட்டதாரி. பத்துப் பெட்டிக்கு ஒன்றை எடுத்து, மீட்டரில் வோல்ட் பார்த்து, பொத்தானை ஒரு தரம் அமுக்கி, ஆய்வுத் தாளில் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்து இல்லாமல் கடைக்காரர்கள் சரக்கை இறக்கிக்கொள்ள மாட்டார்கள். கம்பெனியில் எனக்கு இருந்த ஒரே பலம் அதுதான். அது பலம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மூன்று வாரமாகப் பெட்டிகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. முதல் நாள் காக்கை மாதிரிக் கத்தியது நாலாம் நாள் கொசு மாதிரி முனகுகிறது என்றார்கள். ஒரு வீட்டிலிருந்து கடிதமே வந்தது. பக்கவாதத்தில் விழுந்த ஓர் அம்மா, குளியலறையில் தடுமாறி விழுந்திருக்கிறார். பொத்தானை அமுக்கிக்கொண்டே கிடந்திருக்கிறார். மகள் சமையலறையில்தான் இருந்திருக்கிறாள். சத்தம் அதுவரை வரவில்லை. பெரிய அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மா தூங்கும்போதும் பொத்தான்மேலிருந்து விரலை எடுப்பதில்லை என்று மகள் எழுதியிருந்தாள்.

முதலாளி அந்தக் கடிதத்தை ஒரு தரம் படித்தார். நான் நாலு தரம் படித்தேன்.

பெட்டியின் அடியில் இருக்கை எண் அச்சிட்டிருக்கும். திரும்பி வந்தவற்றை எண் வாரியாகப் பிரித்து ஒரு பட்டியல் போட்டேன். எல்லா எண்களும் இருந்தன. ஆனால் ஏழாம் எண் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு. கோடு போட்டு, அழகாக எழுதி, சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். யாரும் கேட்காமல் நானாகச் செய்த வேலை அது.

சூப்பர்வைசருக்குப் பெண்கள் வைத்த பெயர் 'அதாவது'. எதைச் சொன்னாலும் அதில்தான் தொடங்குவார்.

"அதாவது, பேட்டரியில கோளாறு இல்ல. வந்து இறங்கினதுமே நான் மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். அதாவது, கோளாறு கையில. சில பேருக்கு உடம்புவாகு அப்படி. கை வேர்வையில உப்பு. உப்பு கரண்டை இழுத்துடும். நீங்க படிச்சிருப்பீங்களே?"

உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்று படித்திருக்கிறேன். விரல் ஈரம் பேட்டரியில் படாமல் இருப்பது நல்லது என்றும் படித்திருக்கிறேன். அந்த இழப்பு மாதக்கணக்கில் தெரிய வருவது, நாலு நாளில் அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். குரல் வரவில்லை. தலை மட்டும் எப்படியோ ஆடியது.

"பரிசோதகரும் ஒத்துக்கிட்டாங்க சார்" என்று முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

கைகளைச் சோதிக்கும் திட்டம் அப்படித்தான் வந்தது.

மணி அடித்தது. ஒவ்வொருவராக வந்து கையைப் பிரித்தார்கள். நான் அளந்தேன். சூப்பர்வைசர் எழுதினார். ஒன்று புள்ளி ஐந்து இரண்டு. ஒன்று புள்ளி ஐந்து மூன்று. ஒன்று புள்ளி ஐந்து இரண்டு. ஏழாம் இருக்கைக்காரர் வந்தார்.

எல்லோரும் அவரைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயது இருக்கும். விரல்கள் நம் கண்ணுக்குப் பிடிபடாத வேகம். எழுந்து எழுந்து போக வேண்டாம் என்று, மற்றவர்கள் ஒரு டப்பா பேட்டரி எடுத்தால் இவர் இரண்டு டப்பாவைத் தன் தட்டில் கொட்டிக்கொண்டு உட்காருவார். அவருடைய பெட்டிகள்தான் தினமும் முதலில் நிரம்பும்.

மீட்டர் ஒன்று புள்ளி நாலு ஒன்பது காட்டியது.

"பாத்தீங்களா!" என்றார் சூப்பர்வைசர். எதையோ கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம்.

"சார், இவ்வளவு வித்தியாசம் ஒரே டப்பாவுக்குள்ளேயே இருக்கும்" என்றேன். மீட்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மீட்டருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

சிட்டு அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேர்க்கவே இல்லையே சார். தொட்டுப் பாருங்க, காஞ்சு கிடக்கு."

சூப்பர்வைசர் ஓர் அடி பின்னால் போனார். தொற்றுநோய்க்காரியைப் பார்த்ததுபோல.

"அதாவது, அது வெளியில தெரியாது. உள்வேர்வை."

"உள்வேர்வையா?" என்றார் கண்ணாடி அக்கா. "எங்க வீட்டுக்காரர் கூட தனக்கு உள்ளுக்குள்ள பாசம் இருக்குன்னுதான் சொல்லிக்கிறாரு. இருபது வருஷமா வெளியில வரல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிட்டு அக்காவின் கை இன்னும் விரிந்தபடியே இருந்தது.

சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை கடைசி நாள். திங்கட்கிழமை வந்து, சொந்தக் காரணத்தால் விலகுவதாகக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஏழாம் எண் பெட்டிகளை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் சிட்டு அக்கா தன் இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியில் வைத்திருந்த செருப்பு, தண்ணீர் பாட்டில், முதுகுக்கு வைக்கும் சின்னத் தலையணை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மதியம் பக்கத்துத் தெரு கம்பெனிக்குப் போய்க் கேட்டேன்" என்றார் அவராகவே. "ரிமோட் மாட்டுற வேலை. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாங்க. எங்க வேலை பாத்தேன்னு கேட்டாங்க. சொன்னேன். 'ஓ, அந்த வேர்வைக் கையா நீங்க'ன்னாங்க."

"அதுக்குள்ளயா?"

"ரெண்டே நாள்ல தெருவைத் தாண்டியாச்சு. என் கை என்னைவிட வேகமா போகுது பாரு." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "எனக்குத் தெரிஞ்சது இந்தக் கைவேலை ஒண்ணுதான் சயின்ஸு. கையே சரியில்லைன்னு பேர் வந்துட்டா, நான் எதைக் காட்டி வேலை கேப்பேன்?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பட்டியலில் ஏழாம் எண்ணுக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டவள் நான்.

"எனக்கு அப்புறம் யார் இங்க உக்காந்தாலும் சொல்லிடு" என்றார் தட்டைத் துடைத்தபடி. "ஜன்னல் பக்கம், நல்ல காத்து. தட்டு மட்டும் லேசா சூடாயிடும். வெயில் படுதுல்ல."

ஜன்னலைப் பார்த்தேன். அதற்கு நேரெதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், அடுத்த கட்டிடத்தின் சுவர். காலையிலிருந்து மாலைவரை அந்தப் பக்கம் வெயில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

"தட்டு சூடாகுமா அக்கா?"

"லேசா. பேட்டரி நிறைய கொட்டி வச்சிருந்தா தெரியும். மதியம் சாப்பிட்டு வந்து தொட்டா இன்னும் நல்லாத் தெரியும். ஏன்?"

எவர்சில்வர் தட்டு. ஐந்து வாரத்துக்கு முன்பு வந்தது. அதுவரை பேட்டரிகள் குழி குழியான பிளாஸ்டிக் அட்டையில்தான் மேசைக்கு வரும், ஒரு குழிக்கு ஒன்றாக. ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுப்பதில் நேரம் போகிறது என்று கண்டுபிடித்தவர் சூப்பர்வைசர். காலையிலேயே எல்லாவற்றையும் பிதுக்கி டப்பாவில் நிரப்பச் சொன்னார். பாத்திரக் கடைக்குத் தானே போய்ப் பதினாறு தட்டு வாங்கி வந்தார். தட்டில் கொட்டி, அள்ளி அள்ளிப் போட வேண்டியதுதான். வேலை வேகமானது. முதலாளி எல்லோர் முன்னாலும் அவருக்குக் கை கொடுத்தார். நானும் கை தட்டினேன்.

ஐந்து வாரம். திரும்பி வரத் தொடங்கி மூன்று வாரம். பட்டம் வாங்கியவளுக்கு இந்தக் கணக்குப் போட இத்தனை நாள்.

அப்போதே சிட்டு அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நன்றாகத் தெரியாமல் ஒரு தரம் தலையாட்டியதன் பலனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது பேட்டரிகள், குழாய்கள், பேட்டரி போடாத இரண்டு பெட்டிகள், மீட்டர் ஆகியவற்றைப் 'பரிசோதனைக்கு' என்று எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா தையல் இயந்திரத்தில் இருந்தாள். வீட்டில் முன்னறை என்பது பாதி அம்மாவின் இயந்திரமும் துணி மூட்டைகளும். மீதியில் நாங்கள் சாப்பிடுவோம். தங்கை மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கக் கவுண்டரில் பேசிவிட்டு வந்து வீட்டிலும் பேசுவாள். எனக்கும் சேர்த்து அவளுக்கே வாய் கொடுத்துவிட்டார்கள் என்று அம்மா சொல்வாள்.

பத்துப் பேட்டரிகளைக் காகிதத்தில் தள்ளித் தள்ளி வைத்தேன். பத்தை ஓர் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டில் குவித்தேன்.

"சோறு திங்கிற தட்டுல எதைடி கொட்டி வச்சிருக்க?"

"ரெண்டு மணி நேரம்மா. அப்புறம் நானே கழுவிடுறேன்."

"கழுவ வேண்டாம், அதை நீயே வச்சுக்கோ."

அரை மணி நேரம் கழித்துத் தங்கையைக் கூப்பிட்டுத் தட்டைத் தொடச் சொன்னேன். தொட்டாள். கையை இழுத்துக்கொண்டாள்.

"அய்யே, சுடுது! அடுப்புல வச்சியா?"

"இல்ல. அதுவா சுடுது."

அவளுக்கு ஒரு பேட்டரியை எடுத்துக் காட்டினேன். மேல்பக்கம் இருக்கும் சின்ன வட்டம் எதிர்முனை. அடியும், சுற்றியுள்ள பக்கச்சுவரும் முழுக்க நேர்முனை. இரண்டுக்கும் நடுவே நூல் கனத்தில் ஒரு வளையம், அவ்வளவுதான் வேலி. எவர்சில்வர் தட்டில் ஒன்று நிமிர்ந்து கிடக்கிறது, பக்கத்தில் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது, இரண்டின் பக்கச்சுவரும் உரசுகின்றன. கவிழ்ந்ததன் எதிர்முனை தட்டில், நேர்முனை பக்கத்துப் பேட்டரி வழியாக அதே தட்டில். வட்டம் முடிந்துவிட்டது. மணியும் இல்லை, விளக்கும் இல்லை, மின்சாரம் தட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடாகத் தீர்ந்துபோகிறது. குவியல் பெரிதாக இருந்தால் உரசலும் அதிகம்.

இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டிலிருந்தவற்றைப் பிரித்து வைத்து, கொஞ்சம் ஆற விட்டு, மீட்டரில் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒன்று புள்ளி நாலுக்கு மேலேயே காட்டின. சூப்பர்வைசர் பார்த்தால் பாஸ் போட்டுவிடுவார். நானும் அப்படித்தான் போட்டிருந்தேன். களைத்துப்போன பேட்டரி ஓய்வு கொடுத்தால் மீட்டர் முன்னால் நிமிர்ந்துவிடும். விருந்தாளி வந்ததும் எழுந்து உட்கார்ந்து சட்டையைச் சரி பண்ணிக்கொள்ளும் நோயாளி மாதிரி. வேலை கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

காகிதத்திலிருந்து மூன்றைப் போட்டுப் பொத்தானை அமுக்கினேன். அம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்தினாள். ஒரு நிமிடம் முழுக்க அதே கத்தல். தட்டிலிருந்து மூன்றைப் போட்டு அமுக்கினேன். முதலில் கத்தியது. பத்து எண்ணுவதற்குள் குரல் இறங்கியது. முப்பதில் முனகல். அறுபதில் ஒன்றுமில்லை.

அந்த அம்மா குளியலறைத் தரையில் எத்தனை எண்ணியிருப்பார் என்று நினைத்தேன். உட்கார முடியவில்லை. எழுந்து முன்னறையில் இரண்டு அடி அங்கும் இரண்டு அடி இங்கும் நடந்தேன்.

"அப்ப தப்பு தட்டோடது" என்றாள் தங்கை. "தட்டை யாரு வாங்கினா?"

"சூப்பர்வைசர்."

"பலே. நாளைக்குப் போய்ச் சொல்லு."

"சொல்லணும்."

"இந்தக் குரல்லயா? ஓட்டல்ல நீ தண்ணி கேட்டா சர்வர் அடுத்த மேசைக்குக் கொண்டுபோய் வைக்கிறான். இந்தக் குரல்ல சொன்னா அவங்க உனக்கும் சேத்து லெட்டர் அடிச்சுக் குடுப்பாங்க."

அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "எங்க, என்னைத் திட்டு பாக்கலாம்."

"உன்னை எதுக்கும்மா திட்டணும்?"

"காரணத்துக்கா பஞ்சம்? உன் தங்கச்சிகிட்ட இருபது இருக்கு, கடன் வாங்கிக்கோ."

திட்ட வரவில்லை. அளவுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன்.

திங்கட்கிழமை நான் போனபோது வாசலில் வண்டி நின்றது. அந்த எவர்சில்வர் தட்டுகளிலிருந்து அள்ளிப் போட்ட பேட்டரிகளுடன் நாற்பது அட்டைப்பெட்டிகள் கூடத்தில் அடுக்கியிருந்தன. ஓட்டுநர் ஏற்றத் தொடங்கியிருந்தார். ஆய்வுத் தாள் என் மேசைமேல் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது.

முதலாளியின் அறைக் கதவு திறந்திருந்தது. சிட்டு அக்கா நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் தட்டச்சடித்த கடிதம், அதன்மேல் பேனா. சூப்பர்வைசர் ஜன்னலருகில். நான் கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். கையில் தட்டு.

"அக்கா, கையெழுத்துப் போடாதீங்க."

மூன்று பேரும் திரும்பினார்கள். என் குரல் நடுங்கியது. பரவாயில்லை, வெளியே வந்துவிட்டது. தட்டை மேசைமேல் வைத்து, பேட்டரிகளைக் கொட்டிக் காட்டினேன். எது எதைத் தொடுகிறது, எங்கே சூடாகிறது, மீட்டர் ஏன் பொய் சொல்கிறது. வீட்டில் எழுதிய அளவுகளை நீட்டினேன். இரண்டு பெட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அமுக்கிப் பிடித்தேன்.

"அதாவது, இதெல்லாம் காலேஜ்ல சரி..." என்று சூப்பர்வைசர் தொடங்கினார்.

முதலாளி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். முதலாளிக்குப் புரிந்துவிட்டது. உடனே புரிந்துவிட்டது. ஒரே கேள்விதான் கேட்டார்.

"அப்போ மத்த இருக்கைகளோட பெட்டியும்?"

"எல்லாமே சார். ஏழுல குவியல் பெருசு, அதனால அதிகம். மத்ததுலயும் இருக்கு."

அவர் கூடத்தைப் பார்த்தார். அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். பிறகு மிகப் பொறுமையாக, எனக்கு நல்லது சொல்வதுபோல் சொன்னார்.

"தட்டை இன்னைக்கே மாத்திடலாம். நல்லா கண்டுபிடிச்சீங்க. ஆனா இந்தம்மா விஷயம் இப்படியே இருக்கட்டும். ஒரு கைன்னு சொன்னா ஒரு நம்பரை மட்டும் திருப்பி எடுத்தா போதும். தட்டுன்னு சொன்னா எல்லாத்தையும் எடுக்கணும். புரியுதா?"

புரியாமல் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அறியாமையை நான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். இவர் அறிந்தபின் சொல்கிறார்.

"அந்தக் கடிதம் எழுதினாங்களே சார், குளியலறையில விழுந்தவங்களோட மக. அவங்க பெட்டி நம்பர் ஏழு இல்ல. பதினொண்ணு."

சூப்பர்வைசர் பக்கம் திரும்பினேன்.

"பதினோராம் இருக்கைக் கையிலயும் உள்வேர்வையா? பதினாறு பேரை வரிசையில நிக்க வச்சு, கையைப் பிரிச்சுப் பாத்து, நான் அளந்து, நீங்க எழுதி... யாராவது ஒருத்தர் தட்டைத் தொட்டுப் பாத்தோமா? சூடா இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் கேக்கத் தோணல. இவங்க கையில ஒண்ணும் இல்ல. நான் இந்தச் சரக்குக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேற பரிசோதகர் கிடைக்க மாட்டாங்களா?" என்றார் முதலாளி.

"கிடைப்பாங்க சார். இன்னைக்குள்ள கிடைக்க மாட்டாங்க."

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். குழாய் மூடிகள் திருகும் ஓசை நின்றிருந்தது. ஓட்டுநர் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்.

"மிச்சத்தையும் ஏத்திடவா சார்?"

முதலாளி என்னைப் பார்த்தார். அதனால் ஓட்டுநரும் என்னைப் பார்த்தார்.

"வேண்டாம்ணே" என்றேன். "ஏத்தினதையும் இறக்கிடுங்க."

முதலாளி மறுக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நாற்பது அட்டைப்பெட்டிகளையும் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் பேட்டரி மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது. கடைசியில் சிட்டு அக்காவிடம், "சரி, நீங்களும் போய் உக்காருங்க. கை வேணும்" என்றார்.

சிட்டு அக்கா நகரவில்லை.

"எந்தக் கை சார்? வேர்வைக் கையா?"

"அதை விடும்மா. அதாவது, அது ஒரு சந்தேகம், அவ்வளவுதான்" என்றார் சூப்பர்வைசர்.

"சந்தேகத்தை எல்லாருக்கும் முன்னாடி கூடத்துல வச்சுச் சொன்னீங்க. தெருவெல்லாம் போய்ச் சேந்துடுச்சு. இல்லைங்கிறதை மட்டும் ஏன் சார் ரூமுக்குள்ள சொல்றீங்க?"

எல்லோரும் கூடத்துக்கு வந்தோம். சூப்பர்வைசர் அட்டைப்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அதாவது, ஒரு சின்ன டெக்னிக்கல் பிரச்சினை. தட்டுல ஷார்ட் ஆகியிருக்கு."

"யாரு வாங்கின தட்டு சார்?" என்றார் கண்ணாடி அக்கா. தெரியாதவர்போல் கேட்டார்.

"கம்பெனி தட்டு."

"கம்பெனி கடைக்கு நடந்து போச்சா?"

பின்னால் யாரோ களுக்கென்றார்கள். அவர் காது சிவந்தது.

"நான் வாங்கினதுதான்."

"அப்போ கை?"

"கை நல்ல கைதான்."

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. எத்தனை நேரம் நின்றிருந்தாலும் வந்திருக்காது. சிட்டு அக்கா கையெழுத்துப் போடாத கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை முதலாளியிடம் நீட்டினார். "இந்தப் பக்கம் காலியாத்தான் இருக்கு. இப்போ சொன்னதை எழுதிக் குடுங்க."

அவர் வாங்கவில்லை. எழுத்தில் கொடுத்தால் பிரச்சினை வரும் என்றார். சூப்பர்வைசர் எப்போது நழுவினார் என்று தெரியவில்லை. நான் வாங்கி எழுதினேன். 'ஏழாம் இருக்கையில் வேலை செய்பவரின் கைகளில் எந்தக் குறையும் இல்லை. பேட்டரிகள் எவர்சில்வர் தட்டில் குவித்து வைக்கப்பட்டதால் வலுவிழந்தன.' தேதி போட்டேன். பரிசோதகர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிட்டு அக்கா எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார். பிறகு போய் முதல் அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாவைக் கிழித்தார்.

எனக்கு ஆறவில்லை. இங்கே இருப்பதைப் பிரிக்கிறோம். ஏற்கெனவே போய் வீடுகளில் கழுத்தில் தொங்குபவற்றை யார் பிரிப்பது? முதலாளியைக் கேட்டேன். "பாப்போம்" என்றார்.

மதியம் கடைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு தொலைபேசி முன் உட்கார்ந்தேன். முதல் கடைக்காரர் நான் பெயர் சொல்வதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஏழாம் நம்பர் பெட்டிதானேம்மா? தனியா எடுத்து வச்சாச்சு. உங்க சூப்பர்வைசர் வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாரே. யாரோ ஒரு அம்மாவுக்குக் கையில ஏதோ வியாதியாமே?"

கடைகள் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.

"வியாதி யாருக்கும் இல்லைங்க. அவங்க கை நல்லா இருக்கு. எங்க கம்பெனி தட்டுல பேட்டரி ஷார்ட் ஆகிடுச்சு. ஏழு மட்டும் இல்ல, எல்லா நம்பரையும் எடுத்துடுங்க. வித்ததையும் திருப்பி வாங்கிக்கோங்க, யார் யாருக்கு வித்தீங்களோ அவங்களுக்குச் சொல்லி அனுப்புங்க. பொத்தானை அமுக்கியும் மணி கத்தாம யாராவது விழுந்து கிடப்பாங்க."



"இதை உங்க முதலாளி சொல்லச் சொன்னாரா?"

"இல்லைங்க. நான் சொல்றேன்."

"சரி, எழுதிக்கிறேன்" என்றார். எழுதும் சத்தம் கேட்டது. அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, வைத்துவிட்டு, இரண்டாவது கடையின் எண்ணைச் சுழற்றினேன்.